திரை மூலையில் ஒரு பெட்டி

பைனல் இயர் புராஜெக்ட் என்றாலே இப்போது நமக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. டேங்க்கில் தண்ணீர் குறைந்தாலும் சரி, மோட்டார் சூடானாலும் சரி, கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்து "ஆபத்து" என்று சொல்லணும். வைவாவில் பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் அதை நம்பி ஒரு மோட்டாரை ஓடவிட்டுப் படுக்கப் போகலாமா? கூடவே கூடாது என்பது என் கட்சி.

ஏன் என்று கேட்கிறீர்களா? அந்தப் பெட்டியைத் திரையில் வரைவது நம்ம புரோகிராம் இல்லை நண்பர்களே. அது மனு மட்டும்தான் கொடுக்கும். காட்டுவதும் காட்டாமல் விடுவதும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் இஷ்டம்.

மனு கொடுக்கும் முறையும் ஆளுக்கு ஆள் வேறு. லினக்ஸில் நோட்டிஃபை-சென்ட் என்று ஒரே வரி. அது டி-பஸ் என்ற பாதை வழியாகத் தலைப்பு, செய்தி, எத்தனை நேரம் நிற்கணும் என்று எட்டு விவரங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மேக்கில் 2013 முதல் ஆப்பிள்ஸ்கிரிப்ட்டிலும் ஒரே வரிதான். ஆனால் டெர்மினலில் இருந்து அப்படி அனுப்பினால், செய்தி நம்முடையது, பெட்டியில் பெயர் ஸ்கிரிப்ட் எடிட்டருடையது! விண்டோஸ் கண்டிப்பான வாத்தியார். 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்த டோஸ்ட் முறையில், "உன் ஐடி கார்டு எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. புரோகிராமுக்கு என்று பதிவான அடையாளம் ஒன்று இருக்கணும்.

இத்தனை தொல்லை எதற்கு என்று பைத்தானில் பிளையர் மாதிரி லைப்ரரிகள் வந்துவிட்டன. மூன்று சிஸ்டத்துக்கும் ஒரே கோடு. நானும் அதைத்தான் உபயோகிக்கிறேன், நல்ல சாமான். ஆனால் அது மூன்று மனுவையும் நமக்காக எழுதிக் கொடுக்கும் ரைட்டர் மாதிரி. மனு பாஸாகும் என்று அதுவும் சொல்ல முடியாது.

பெரிய சிக்கல் ராத்திரியில்தான். லினக்ஸில் கிரான் வழியாக ஓடும் புரோகிராமுக்கு நம் டெஸ்க்டாப்பின் டி-பஸ் முகவரி தானாகக் கிடைக்காது. நாமே எடுத்துக் கொடுக்கணும். விண்டோஸில் சர்வீஸாக ஓடவிட்டால், விஸ்டா காலத்திலிருந்தே அதற்குத் தனி அறை. நம் திரையை அது தொடவே முடியாது. எல்லாம் சரியாகி, யாராவது "தொந்தரவு செய்யாதே" பட்டனை அமுக்கியிருந்தால்? பெட்டி சத்தமில்லாமல் ஓரத்துக்குப் போய்விடும். எர்ரரே வராமலும் போகலாம்.

எங்க ஊர்ப் பக்கம் கிணற்று மோட்டாரில் காயில் கருகினால் ரீவைண்டிங் செலவு மட்டுமா? மோட்டார் திரும்பி வரும்வரை பயிரும் காயும். அப்படிப்பட்டவர் ஒருத்தர் நம் புராஜெக்ட்டை நம்பி வாங்கி மாட்டினால் என்ன பதில் சொல்வோம்?

ஆகவே பெட்டி இருக்கட்டும், அழகுக்கு. ஆபத்தென்றால் ரிலே முதலில் மோட்டாரை நிறுத்தணும், போர்டிலேயே ஒரு பஸ்ஸர் கத்தணும், நேரத்தோடு ஒரு ஃபைலில் பதிவாகணும். வைவாவுக்கு வரும் எக்ஸ்டெர்னல் சாரிடம் ஒரு விண்ணப்பம்: டெமோ பார்க்கும்போது அந்த "தொந்தரவு செய்யாதே" பட்டனை நீங்களே ஒருமுறை அமுக்கிப் பாருங்கள் சார்.