லாமாவும் நம் ஆட்டுப்பட்டியும்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வளர்க்கப்படும் லாமா, ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் திமில் கிடையாது. மூன்று அறைகள் கொண்ட இரைப்பையால் முரட்டுப் புல்லையும் செரிக்க வல்லது. சுமார் 11 மாதம் சினையிருந்து, பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும். சுமை தூக்கும், அதன் ரோமம் நெசவுக்கும் உதவும்.

நாம் கருதத்தக்கது அதன் காவற்குணமே. தன் இனத்தைப் பிரிந்த ஒற்றை லாமா, ஆட்டு மந்தையையே தன் கூட்டமாகக் கொள்ளும். அந்நிய நாயைக் கண்டால் குரலெழுப்பி எச்சரிக்கும், எதிர்த்தோடி உதைக்கும். ஆதலின் அமெரிக்காவில் ஆடு வளர்ப்போர் பலர் அதனைக் காவலுக்கு வைத்துள்ளனர். ஆயினும் நாய்கள் கூட்டமாய் வருமாயின் தனி லாமா தாங்காது.

காங்கயம், வெள்ளகோவில் வட்டாரக் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள் இருக்கும் ஆடுகளைத் தெருநாய்கள் கடித்துக் கொல்வதை அங்கத்தினர் அறிவர். இழப்பீடு கோரி விவசாயிகள் 2025-இல் போராடவும் நேர்ந்தது.

இதற்கு லாமாவை இறக்குமதி செய்வது பரிகாரமன்று. குளிர்மலைக்கென அமைந்த அதன் அடர்ந்த ரோமம் நம் கோடைக்கு ஒவ்வாது. அதன் குணத்திலுள்ள பாடமே நமக்கு வேண்டுவது: காவல், மந்தையோடு இரவும் பகலும் உடனிருக்க வேண்டும். தனியொரு குடியானவரால் அது இயலாது, சங்கத்தால் இயலும். அண்டைக் காட்டினர் சேர்ந்து கம்பிவலையிட்ட பொதுப்பட்டி அமைக்கலாம். முறை வைத்து இரவுக் காவல் இருக்கலாம். இறைச்சிக் கழிவை வெளியில் கொட்டாதிருக்கவும், நாய்களுக்குக் கருத்தடை செய்யவும் உள்ளாட்சி மன்றங்களை ஒருமுகமாய் வற்புறுத்தலாம். வரும் மகாசபையில் இதனைத் தீர்மானமாகக் கொணர்வது நம் கடமையாகும்.