பாலைப்பழ மரத்தை விதையிலிருந்து வளர்க்க முடியுமா?

மாமல்லபுரத்தை அடுத்த கிராமத்து வாசகி ஒருவரின் கேள்வி இது. அவர்களுடைய 20 சென்ட் தோட்டத்தை ஒட்டிய நிலம் மனைப்பிரிவாகிவிட்டது. அங்கே நிற்கும் பெரிய பாலை மரம் எப்போது வேண்டுமானாலும் வெட்டப்படலாம். பழத்தைத் தின்று வளர்ந்தவர் என்பதால், மரத்தின் வாரிசையாவது காப்பாற்ற நினைக்கிறார். இரண்டு வருடமாக விதை போட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லையாம்.

கட்டாயம் வளர்க்க முடியும். உலக்கைப் பாலை என்றும் அழைக்கப்படும் இந்த மரம் நம் கிழக்குக் கரையில் இயல்பாக வளர்வது. கோடியக்கரைக் காட்டில் அதிகம் காணப்படுவதும் இதுதான். சப்போட்டா குடும்பத்தைச் சேர்ந்தது. வறட்சி, கடற்காற்று, மணல் நிலம் மூன்றையும் தாங்கும்.

வாசகி கோடையில் பொறுக்கிய விதையைக் காயவைத்து, ஐப்பசி மழையில் விதைத்திருக்கிறார். தவறு அங்கேதான். எண்ணெய்ப்பசை உள்ள இந்த விதையைப் பழம் பறித்த சில நாட்களுக்குள் விதைத்துவிட வேண்டும். விதையின் மேல் ஓடும் கடினமானது. ஓடு இளகாமல் முளை வெளியே வராது.

நன்கு பழுத்து உதிர்ந்த பழங்களை மட்டும் எடுத்து, சதையைப் பிசைந்து கழுவ வேண்டும். தண்ணீரில் மிதக்கும் விதைகளைத் தள்ளிவிடலாம். மூழ்கிய விதைகளின் ஓட்டை உப்புத்தாளில் லேசாகத் தேய்க்க வேண்டும். உள்ளே பருப்பில் காயம் படக் கூடாது. பிறகு ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவில் கலந்த உயரமான பாலித்தீன் பைகளில் 1 செ.மீ. ஆழத்தில் விதைக்கலாம். ஆணிவேர் இறங்குவதால் பை உயரமாக இருக்க வேண்டும். நிழலில் வைத்து, பூவாளியால் ஈரம் காக்க வேண்டும். முளைப்பு ஒரே சீராக இருக்காது. சில வாரங்கள் கழித்தும் முளைக்கும். அவசரப்பட்டுப் பையைக் கொட்டிவிடக் கூடாது. 10 கன்று தேவையென்றால் 50 விதையாவது போடுவது நல்லது.

வளர்ச்சி மிக மெதுவாக இருக்கும். அடுத்த வருட வடகிழக்குப் பருவமழையில் 2 அடி குழியெடுத்து, ஏரி வண்டலும் தொழு உரமும் கலந்து நடலாம். முதல் இரண்டு கோடைக்குப் பானைப் பாசனமும், ஆட்டுக்குத் தப்ப முள்வேலியும் அவசியம். பழம் பார்க்கப் பத்து வருடமாவது பொறுக்க வேண்டும்.

அவ்வளவு காலம் வருமானமின்றி இருக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. நர்சரிகளில் சப்போட்டா ஒட்டுக்கன்று கட்டுவதே பாலைக் கன்றின் மேல்தான். எனவே நாலைந்து கன்றுகளைப் பாலையாகவே விட்டு, மீதியைப் பென்சில் பருமன் வந்ததும் சப்போட்டா ஒட்டுக் கட்டப் பயன்படுத்தலாம். ஒட்டு சப்போட்டா மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். ஒட்டுக்குக் கீழே வரும் பாலைத் தளிர்களை மட்டும் அவ்வப்போது கிள்ள வேண்டும். ஒட்டுக் கட்டும் முறையை வட்டார தோட்டக்கலை அலுவலகத்திலோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு அறியலாம்.

ரம்புட்டான், மங்குஸ்தான் விதைகளைத் தபாலில் வாங்கலாமா என்றும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறார். வேண்டாம். அவை காய்ந்தால் செத்துவிடும் விதைகள். பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் முளைக்காது. விதையில் வளரும் ரம்புட்டான் ஆண் மரமாகிக் காய்க்காமலும் போகலாம். நீலகிரிச் சரிவில் 1900-இல் தொடங்கிய கல்லாறு அரசுப் பண்ணையின் ஈரக்காற்று இந்தக் கரையில் கிடையாது. வெளிநாட்டு விதையை அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் தருவிப்பது சட்டப்படி தவறு.

பக்கத்து மரம் அடுத்த கோடை வரை நின்றால், நில உரிமையாளரிடம் சொல்லிவிட்டு முதல் பழத்திலேயே விதை எடுத்துவிடுவது நல்லது. காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பொறுக்கக் கூடாது.