வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்?

இண்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளியானதும் சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றே: பிள்ளையை எங்கே சேர்ப்பது? நகரியின் விசைத்தறித் தொழிலாளியானாலும், சித்தூர்க் காரியாலயத்தின் குமாஸ்தாவானாலும், முதலில் நினைப்பது சென்னையைத்தான். பிராவிடண்ட் பண்டில் முன்பணம், நகை அடகு, தரகருக்குக் கமிஷன் என்று செலவு வளர்ந்துகொண்டே போகிறது. வாசலில் உள்ள பல்கலைக் கழகத்தை விசாரிப்போர் மிகச் சிலரே. இது வருந்தத்தக்கது.

திருப்பதியின் கல்விப் பெருமை நேற்று வந்ததல்ல. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1945-ல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கலைக் கல்லூரியையும், 1952-ல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் கல்லூரியையும் தொடங்கியது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. மறு ஆண்டே ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக் கழகம் தோன்றியது. அதன் பொறியியல் கல்லூரி 1959-ல் வந்தது. பெண்களுக்கென்றே 1983-ல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக் கழகம் ஏற்பட்டது.

சிற்றூர்ப் படிப்பு என்று இளப்பமாக நினைப்பவர்கள் உண்டு. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் லண்டனில் இல்லை. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் எழுந்ததும் சிதம்பரத்தில்தான். திருத்தணியில் பிறந்து ஜனாதிபதியாக உயர்ந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், திருப்பதி மிஷன் பள்ளியிலும் வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் படித்தவரே. பி.ஏ. படிக்க அவர் சென்னை செல்ல வேண்டியிருந்தது. அன்று திருப்பதியில் அதற்குக் கல்லூரி இல்லை, இன்று இருக்கிறது.

தெலுங்கில் பாடம் நடந்தால் பிள்ளை என்ன செய்வான் என்ற அச்சமும் பெற்றோரிடம் உண்டு. பட்டப்படிப்பில் புதிதாகச் சேருவோருக்கு ஆங்கில வழியையே ஆந்திர அரசு 2021-22 கல்வியாண்டில் கட்டாயமாக்கியது. பின்னர் தமிழில் எம்.ஏ. படிக்க விரும்பினால் திருப்பதிப் பல்கலைக் கழகத்திலேயே தமிழ்த் துறை உண்டு. 1997-ல் அமைந்த குப்பம் திராவிடப் பல்கலைக் கழகத்திலும் தமிழுக்கு இடமுண்டு.

பெற்றோர் பலர் கவனிக்கத் தவறும் விதி ஒன்று இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி, கல்லூரி இடங்களில் 85 சதவீதம் உள்ளூர் மாணவர்களுக்கே. தேர்வு எழுதும் ஆண்டோடு சேர்த்துத் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்த வட்டாரத்தில் படித்தவரே உள்ளூர் மாணவர். சித்தூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையை, பிளஸ் டூ மட்டும் காட்பாடியில் படிக்கட்டும் என்று அனுப்பிவிட்டால், அந்த உரிமை கைநழுவிப் போகிறது. மீதி 15 சதவீதத்தில், மாநிலத்தில் பத்து ஆண்டு குடியிருந்தோரின் பிள்ளைகளும், மத்திய, மாநில அரசு ஊழியரின் பிள்ளைகளும் போட்டியிட அந்த ஆணை வழி செய்தது. ஆனால் அது ஒடுங்கிய வாசல். ஆகவே பத்தாம் வகுப்பு முடிந்ததுமே யோசிப்பதுதான் விவேகம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், சேரும் ஆண்டின் அறிவிப்பைக் கல்லூரியிலேயே கேட்டறிவது நல்லது. தரகர் வாய்ச்சொல்லை நம்பலாகாது.

பழம்பெருமை மட்டும் பாடம் நடத்தாது என்பதையும் மறுப்பதற்கில்லை. பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். வகுப்புகள் பெரும்பாலும் இணைப்புக் கல்லூரிகளில்தான் நடக்கின்றன. பட்டத்தில் பல்கலைக் கழகத்தின் பெயர் இருக்கும். பாடம் சொல்வது கல்லூரி. மாநிலப் பல்கலைக் கழகங்களில் ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதும் ஊரறிந்த குறை. எனவே பெற்றோர் ஒரு நாள் லீவு போட்டாவது கல்லூரிக்கு நேரில் செல்ல வேண்டும். விரும்பும் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா, சோதனைச் சாலை இயங்குகிறதா, விடுதியில் இடம் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் வேறு கல்லூரி பார்ப்பதில் தவறில்லை. பார்க்காமலே ஒதுக்குவதுதான் தவறு.

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்து போகலாம். மிச்சமாகும் பணம் தங்கையின் படிப்புக்கு உதவும். அடகு நகை மூழ்காது. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இவை சிறிய லாபங்கள் அல்ல.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. காலியிடங்களை நிரப்பாமல் கட்டிடத்தின் வயதைக் கொண்டாடுவதில் பயனில்லை. இங்குள்ள தமிழ்ச் சங்கங்களும் பொங்கல் விழாவோடு நின்றுவிடாமல், ஆண்டுதோறும் மே மாதத்தில் பெற்றோரைக் கூட்டி உள்ளூர் விதியையும் உதவித்தொகை விவரங்களையும் விளக்கிச் சொல்ல வேண்டும். பிழைப்புக்காக வந்த ஊர், பிள்ளைகளின் படிப்புக்கும் உரிய ஊர்தான். அந்த உரிமையை அறியாமையால் இழக்கக் கூடாது.