ஏரியைத் தொலைத்தவர் ஆற்றைப் பழிக்கின்றனர்!

மழை பெய்தது, ஆறு பெருகியது, ஊர் மூழ்கியது. 2015 திசம்பரில் சென்னையும் அதன் மேற்புறச் சிற்றூர்களும் பட்ட பாட்டிற்கு ஆட்சியாளர் தந்த விளக்கம் இவ்வளவே. வானத்தைக் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டால் வழக்கு முடிந்ததன்றோ!

மழை பெரிதுதான், மறுப்பாரில்லை. ஒரே நாளில் தாம்பரத்தில் 494 மி.மீ.; செம்பரம்பாக்கத்தில் 475 மி.மீ. ஆயினும் விழுந்த நீர் எங்குத் தங்கியிருக்க வேண்டும், ஏன் தங்கவில்லை என்பதே வினா. அதற்கு விடை அடையாற்றங்கரையில் மட்டும் இல்லை. மேற்கே சுங்குவார்சத்திரம், திருப்பெரும்புதூர், ஒரகடம் நிலப்பரப்பிலும் உள்ளது.

இந்நிலம் ஏரிநாடு. இங்கு ஏரி என்பது தனித்துக் கிடக்கும் குட்டை அன்று. மேலேரி நிரம்பிக் கலங்கலில் வழியும் நீரே கீழேரியின் வரத்து. பாலாற்றில் பிரிந்து ஏறத்தாழ 27 கல் தொலைவு ஓடும் கம்பன் கால்வாய், வழிநெடுக ஏரிகளை நிரப்பிப் பெரும்புதூர் ஏரியில் முடிகின்றது. பெரும்புதூரின் மிகைநீர் செம்பரம்பாக்கத்திற்கு. செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் அடையாற்றிற்கு. மேலே ஓர் ஏரி தூர்ந்தால், அது தாங்கியிருக்க வேண்டிய நீர் அன்றைக்கே கீழே இறங்கும். சுங்குவார்சத்திரத்தில் அடைபட்ட கால்வாய்க்குச் சைதாப்பேட்டைக் குடிசை விலை கொடுக்கும்.

கடந்த முப்பது ஆண்டுகளில் இங்குச் சிற்றுந்துத் தொழிலகங்கள் வந்தன. கைப்பேசித் தொழிலகங்கள் வந்தன. தமிழிளைஞர்க்கு வேலை வேண்டாம் என்பார் யாருமில்லை. ஆனால் நிலம் அளந்தவர் கண்ணுக்கு ஓடையும் மேய்க்காலும் வெற்று நிலமாகவே தெரிந்தன. நீர் உண்ட மண் கற்காரையால் மூடப்பட்டது. உயர்த்திய சாலைகள் நீரோட்டத்தின் குறுக்கே கரைகளாக நின்றன. 2015இல் அத்தொழிலகங்களே வேலையை நிறுத்த நேர்ந்தது. அவற்றின் இழப்பு கோடிகளில் எண்ணப்பட்டது. வாடகை அறையில் உடைமையை நீருக்குக் கொடுத்த கூலியாளின் இழப்பை எந்தக் கணக்கில் எழுதினர்?

செம்பரம்பாக்கத்தில் நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. கரையோரம் உறங்கியவனுக்கு அவ்வெண் என்ன சொல்லும்? முழங்கால் நீரா, கூரை மட்டமா? 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நடுவண் தலைமைக் கணக்காய்வர் அறிக்கையே, இது மாந்தரால் விளைந்த அழிவென்று சுட்டியது. இன்றும் வானிலை அறிவிப்பு 'ரெட் அலர்ட்' என்றே ஊர்க்காதில் ஒலிக்கின்றது. உயிர் காக்கும் சொல்லையாவது உயிருக்குரியவன் மொழியில் சொல்லலாகாதா?

இதே காஞ்சி மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தைக் கூறுகின்றன. (அது பார்ப்பனர் அவை என்பது உண்மையே, ஏரி காத்த உழைப்போ ஊரினது.) அண்மைக் காலம்வரை மடை திறக்கவும் கரை காக்கவும் ஊர்தோறும் நீர்க்கட்டி இருந்தான். ஊரிடமிருந்து ஏரியைப் பறித்து அலுவலகக் கோப்பில் அடைத்தபின், கலங்கல் எது, போக்குக்கால் எது என்று அறிந்தவரும் அருகினர். 2017இல் அரசு மீட்டெடுத்த திட்டத்தின் பெயர்கூடக் 'குடிமராமத்து'. மராமத்தோ அரபு வழி வந்த சொல். ஏரி வாரியம் என்னும் சொல் கல்லிலேயே கிடக்கின்றது.

இத்தனைக்குப் பின்னும் சுங்குவார்சத்திரத்திற்கு அண்மையில், பரந்தூரில், 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் வானூர்தி நிலையம் வரப்போகின்றதாம். நடுவணரசு 2025இல் கொள்கையளவில் இசைவும் தந்துவிட்டது. அந்நிலத்துள் ஏரிகளும் கம்பன் கால்வாயின் ஒரு பகுதியும் அடங்கும். ஏகனாபுரத்தார் 2022 முதல் போராடுகின்றனர்; அவர்தம் ஊரவை மீண்டும் மீண்டும் மறுப்புத் தீர்மானம் இயற்றியுள்ளது. ஓடுபாதை போட வருவார், அடுத்த பெருமழையின் நீர் எந்த ஏரியில் நிற்கும் என்பதை அவ்வூரவையின் முன் வந்து தமிழில் சொல்லட்டும்.