வெறும் வலை வந்த பிறகு…

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். திங்கள், புதன், சனி. மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. மீன்வளத்துறையில் டோக்கன் வாங்கி, டீசல் பிடித்து, ஐஸ் ஏற்றிக் காலையில் கிளம்பினால், மறுநாள் காலையில் கரை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மிச்சமுள்ள வாரங்களுக்கு மூன்று நாள் வீதம் என்றால் வருஷத்துக்குச் சுமார் 130 நாள். அதிலும் புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், இன்ஜின் ரிப்பேர் என்று கழிந்துகொண்டே போகும். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், அடகு வட்டி, கல்யாணம், காதுகுத்து எல்லாமே எஞ்சிய அந்த நாள்களுக்குள் அடங்க வேண்டும். அதனால் கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் பரீட்சை நாள்தான். பக்கத்துப் படகு முந்திக்கொண்டு போனால் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இதே பரீட்சையைப் பணமும் புகழும் கொடுத்து விளையாட்டாக நடத்துகிறது அமெரிக்கா. அங்கே ‘பாஸ்’ என்றொரு மீன். தேர்வில் பாஸ் ஆகிற பாஸ் இல்லை. ஏரியிலும் ஆற்றிலும் வாழும், தூண்டிலில் மாட்டினால் துள்ளிக் குதித்துச் சண்டை போடும் மீன். அந்தத் துள்ளலை இங்கே பார்க்க வேண்டுமென்றால் முகத்துவாரத்தில் கொடுவா பிடிக்கிறவரிடம் கேட்கலாம். கொடுவாவுக்கு ஆங்கிலப் பெயரே ஆசிய பாஸ் என்ற பொருளில்தான் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு இனம் என்றாலும். (கொடுவாவிடம் இன்னொரு வேடிக்கை உண்டு. ஆணாக வளர்ந்து, சில வருஷங்களில் பெண்ணாக மாறிவிடும்!)

பாஸ் மீன் போட்டிகளின் உச்சம் ‘பாஸ்மாஸ்டர் கிளாசிக்’. 1971-ல் தொடங்கியது. விதி எளிது. ஒரு நாளில் எத்தனை மீன் பிடித்தாலும் பெரியதாக ஐந்துதான் கணக்கு. உயிரோடு தொட்டியில் வைத்திருந்து எடை போட்டு, திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். கரைக்குத் தாமதமாக வந்தால் நிமிடக் கணக்கில் எடையைக் கழிப்பார்கள்.

இந்தப் போட்டியை நான்கு முறை வென்றவர் ரிக் க்ளன். 1976, 1977, 1984, 1990. எண்ணெய் நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுத் தூண்டிலைப் பிடித்தார். மற்றவர்கள் தூண்டிலையும் படகையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், மனசைப் பழக்குவதைப் பற்றிப் பேசியவர். தூண்டிலை வீசும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வீச்சில் மட்டும் மனசு இருக்க வேண்டும். காலையில் தவறவிட்ட மீனிலோ மாலையில் வரப்போகும் தராசிலோ அல்ல என்பதுதான் அவருடைய பழக்கம். 2019-ல் ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் மறுபடி ஒரு பெரிய போட்டியை வென்றபோது அவருக்கு வயது 72. உடன் போட்டி போட்டவர்களில் பலர் அவருக்குப் பேரப்பிள்ளைகள் வயது.

சரி, தவறவிட்ட மீன் ஏன் அவ்வளவு தொந்தரவு செய்கிறது?

இதற்கான பதில் மீன்பிடிப்போடு சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வந்தது. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். லாபத்தில் இருக்கும் மனிதர் எச்சரிக்கையாக நடந்துகொள்வார். நஷ்டத்தில் இருப்பவரோ அதை ஈடுகட்டத் துணிந்து எதையும் செய்வார் என்பது அதன் சாரம். நூறு ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைந்த வலி பெரிது. பின்னாளில் கானமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் பொருளாதாரத்துக்கு.

இங்கே முக்கியமானது, நஷ்டம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதுதான். அந்தக் கோட்டை மனசுதான் போட்டுக்கொள்கிறது. விசைப்படகில் அந்தக் கோட்டின் பெயர் டீசல் காசு.

ஒரு படகை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை மடியை இழுத்துக் கொட்டினால் சங்காயமும் குப்பையும்தான். இரண்டாவது தடவையும் அப்படியே. ராத்திரி பத்து மணி. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவுக்கே மீன் இல்லை. வாக்கி-டாக்கியில் யாரோ ஒருவர், கிழக்கே போன படகில் இறால் நல்லா விழுந்திருக்கிறது என்கிறார். படகில் சின்னப் பையன் கேட்கிறான்: “என்னண்ணே, கொஞ்சம் உள்ள போயி ஒரு தடவ இழுத்துப் பாத்துருவமா?”

அந்த ‘உள்ள’ என்பதுதான் எல்லை. 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் போட்ட கோடு. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது அந்தப் படகில் எல்லோருக்கும் தெரியும். இலங்கைக் கடற்படை பிடித்தால் படகு போய்விடும். மற்றவர்களை விடுவித்துவிட்டு, ஓட்டியவருக்கு மட்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட வழக்குகள் உண்டு. 2021 ஜனவரியில் பக்கத்துக் கோட்டைப்பட்டினத்திலிருந்து கிளம்பிய ஒரு படகின் நான்கு பேர் உயிரோடு திரும்பவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். போருக்குப் பிறகு கடலுக்குத் திரும்பியவர்கள், இழுவைமடி தங்கள் வலைகளை அறுத்துப்போடுவதாகக் குமுறுகிறவர்கள். இழுவைமடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. இதெல்லாம் தெரியாமல் யாரும் ஸ்டியரிங்கைக் கிழக்கே திருப்புவதில்லை.

மீனவர்களைப் பேராசைக்காரர்கள் என்று கரையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். காலையில் டீசல் காசைத் தாண்டிவிட்ட அதே மனிதர், ராத்திரி பத்து மணிக்கு அதே கேள்வியைக் கேட்டால், “வேண்டாம்டா தம்பி, போதும்” என்று சொல்லக்கூடும். மனிதர் மாறவில்லை. அவர் கோட்டுக்கு மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா என்பதுதான் மாறியிருக்கிறது.

துணிச்சலே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. 2004 பாஸ்மாஸ்டர் கிளாசிக்கில் தகாஹிரோ ஓமோரி என்ற ஜப்பானியர் இருந்தார். ஆங்கிலம் சரியாகத் தெரியாமல் அமெரிக்கா வந்து, வண்டியிலேயே படுத்துத் தூங்கிப் போட்டிகளுக்குப் போனவர். கடைசி நாளில் நேரம் முடியப்போகிற கடைசி நிமிடங்களில் உத்தியை மாற்றினார். அடுத்தடுத்து பெரிய மீன்கள் மாட்டின; கோப்பை அவருக்கு. ஆனால் அவர் பணயம் வைத்தது ஒரு கோப்பையைத்தான். தோற்றிருந்தால் மறுநாள் வேறு ஏரிக்குப் போயிருப்பார். படகும் ஜெயிலும் பணயமாக இருக்கும் இடத்தில் ஓமோரியை உதாரணம் காட்டுவது ஆபத்து.

எப்போது இடம் மாற வேண்டும் என்பதற்கு எரிக் சார்னோவ் என்ற உயிரியலாளர் 1976-ல் ஒரு கணக்கே சொன்னார், பறவைகளையும் விலங்குகளையும் வைத்து. ஒரு மரத்தில் பழம் கிடைக்கும் வேகம், அந்த வட்டாரத்தின் சராசரி வேகத்துக்குக் கீழே இறங்கும் நேரத்தில் அடுத்த மரத்துக்குப் போய்விட வேண்டும். மனிதனுக்கு இந்த இடத்தில்தான் இடறுகிறது. ‘இவ்வளவு நேரம் இங்கே இருந்துவிட்டோமே’ என்ற எண்ணம் ஒரு பக்கம் பிடித்து வைக்கும். ‘அவனுக்கு அங்கே கிடைத்ததாமே’ என்ற எண்ணம் இன்னொரு பக்கம் இழுக்கும். நீவாடும் காற்றும் என்ன சொல்கின்றன என்று பார்க்கிற கண், வாக்கி-டாக்கி சத்தத்தில் மங்கிப்போகும். அடுத்தவர் பாட்டைக் காதில் வாங்கிக்கொண்டே தன் கடலைப் பார்ப்பது கஷ்டம்.

அதனால்தான் மனசைத் தயார் செய்வதைக் கடலில் வைத்துக்கொள்ளக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு, பசியும் தூக்கமும் நஷ்டமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் மனசு முடிவெடுக்க லாயக்கில்லாதது. முந்தைய நாள் சாயங்காலம், கரையில், டீ குடித்துக்கொண்டு எடுக்கும் முடிவுதான் முடிவு. பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதற்கு எளிய வடிவம் சொல்லியிருக்கிறார்: ‘இப்படி நடந்தால், இதைச் செய்வேன்’. ‘கவனமாக இருப்பேன்’ என்பது வெறும் ஆசை. ‘ஜிபிஎஸ்ஸில் இந்த எண் வந்தால் படகைத் திருப்புவேன், மடியில் என்ன இருந்தாலும்’ என்பது திட்டம். அந்த நேரம் வரும்போது மனசு யோசிக்க வேண்டியதில்லை, கை செய்துவிடும்.

அந்த எண்ணை ஓட்டுகிறவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. படகில் இருக்கும் எல்லோர் முன்னாலும் கரையிலேயே சொல்லிவிட வேண்டும். படகு முதலாளியிடமும்தான். வெறும் பெட்டியோடு வந்து நிற்கும் ஓட்டுநரிடம் முதலாளி அன்று காலையில் என்ன முகம் காட்டுகிறார் என்பது, அடுத்த வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் பாதி. அந்த முகத்துக்கு உளவியல் புத்தகம் எதுவும் உதவாது. செலவை முதலாளியும் தொழிலாளியும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்ற கணக்கு உதவலாம்.

வீட்டிலும் ஒரு சின்ன விஷயம். கடலுக்குப் போய் வந்தவரிடம் முதல் கேள்வியாகப் “பாடு எப்படி?” என்றுதான் கேட்போம். அது அன்பில் கேட்பதுதான். ஆனால் டீசல் காசும் தேறாத நாளில் அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்று அவருக்குத்தான் தெரியும். “சாப்டீங்களா?” என்று ஆரம்பித்தால், பாடு எப்படி என்பதை அவரே பிறகு சொல்லிவிடுவார்.