உடன்பிறந்தார் உரித்து

"காணி கேட்டு வழக்கு வைப்பவள் குடும்பத்தைக் கெடுக்க வந்தவள்" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. தமையன் படலைக்குப் பூட்டிட்டால் அது வீட்டு விஷயம். தங்கை அதுபற்றி வாய் திறந்தால் மட்டும் ஊர்ச் சிரிப்பு! இது என்ன நியாயமென்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

பெற்றோர் உறுதியோ மரண சாசனமோ எழுதாது இறந்தால், அவர்தம் காணி பிள்ளைகளுக்குப் பொதுவாக இறங்குகிறது. ஒருவர் மாத்திரம் அங்கே குடியிருந்து தேங்காய் பறித்தால் மற்றையோரின் பங்கு அற்றுப்போகுமோ? 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம், எதிரிடையாகப் பத்தாண்டு ஆண்டவனுக்கு உரித்தளிக்கிறது. இந்தப் பத்தாண்டைச் சொல்லியே பல பெண்களை வாயடைத்துவிடுகின்றனர். ஆனால் 1911 இல் கொறயா – இசெரிஸ் அப்புகாமி வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் கூறியது வேறு. உடன்பங்காளன் ஒருவனின் ஆட்சி எல்லாப் பங்காளரின் ஆட்சியுமாம். மனத்துக்குள் இரகசியமாக எண்ணிக்கொண்டு அதை அவன் தனதாக்கிவிட முடியாது. பங்கில்லையென்று வெளிப்படையாக மறுத்த பின்னரே பத்தாண்டு ஓடத் தொடங்கும்.

இதை நம்பி உறங்கிவிடலாகாது. 1918 இல் வந்த தில்லகரத்தின – பஸ்தியன் தீர்ப்பு, நெடுங்காலத் தனியாட்சியோடு பிற சந்தர்ப்பங்களும் சேர்ந்தால் அத்தகைய மறுப்பு நிகழ்ந்ததாகவே ஊகிக்கலாம் என்றது. யாழ்ப்பாணத்தில் இன்னொரு வாதமும் எழும்: "சீதனம் வாங்கியவளுக்கு முதுசமேது?" 1707 இல் ஒல்லாந்தர் ஏற்ற தேசவழமையில் அப்படியொரு விதி இருந்தது மெய்யே. அதைத் தூக்கிப்பிடிப்போர், வழியுரிமையைப் புதிதாக வகுத்த 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக.

குடியிருந்தவரையே வெளியேற்றிவிட்டால் நாட்கணக்கு முக்கியம். சமாதானக் குலைவு நேருமென்ற முறைப்பாட்டில், அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் வெளியேற்றப்பட்டவரை மீளக் குடியமர்த்த, 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் நீதவானுக்கு அதிகாரமளிக்கிறது. அது ஆட்சியை மட்டுமே காப்பது, உரித்தைத் தீர்ப்பதன்று.

உரித்துக்கு மாவட்ட நீதிமன்றமே வழி. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டப்படி, எவ்வளவு சிறிய பங்காளியும் வழக்கிடலாம். தமையனும் முந்திக்கொள்ளலாம்! தங்கையின் பெயரை விட்டு வழக்கிட்டு இறுதித் தீர்ப்பும் பெற்றுவிட்டால், அதைப் பின்னர் அசைப்பது மிக அரிது. ஆதலின், கனடாவிலோ கொழும்பிலோ இருப்பவர்கள் காணிப் பதிவகத்திலுள்ள தம் காணியின் பதிவேட்டை இடைக்கிடை பார்ப்பித்துக்கொள்வது நன்று. அற்றோணித் தத்துவம் கொடுத்தவர்கள் இரட்டிப்பு விழிப்போடிருக்க வேண்டும்.

பிரிவிடல் வழக்கு பிள்ளைகள் காலத்திலும் முடியாதென்ற பயம் வெறும் பயமன்று. ஆகவே நொத்தாரிசு முன் எல்லாரும் கையொப்பமிடும் பங்கீட்டு உறுதியையே நான் முதலிற் சொல்வேன். தமையன் ஒப்பமிட மறுத்தால், மறுத்த திகதியைக் குறித்துவைத்து ஒரு சட்டத்தரணியிடம் செல்லவேண்டும். பத்தாண்டுக் கணக்கு அன்றே தொடங்கிவிடக்கூடும்.