செஞ்சோற்றுக் கடனும் டி.சி.யும்

பி.ஏ. முடித்த கால்பந்து வீரன் ஒருவன், மூன்று வருடமாக எந்தக் கல்லூரிக்கு எதிராக கோல் அடித்தானோ அதே கல்லூரியில் எம்.ஏ. சேர்ந்துவிட்டால் அவனை என்ன செய்யலாம்? நம் பாலாற்றங்கரைக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் மலரில், ஓய்வுபெற்ற உடற்கல்விப் பேராசிரியர் ஒருவர் இதற்கு நீண்ட விடை எழுதியிருக்கிறார். துரோகம், நன்றிகெட்டதனம், அமெரிக்க நோய், பண்பாட்டுச் சீரழிவு என்று வியாதிப் பெயர்களை அடுக்கிவிட்டுக் கடைசியில் மருந்துச் சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்: டி.சி.யை, அதாவது மாற்றுச் சான்றிதழை, பிடித்து வை, இரண்டு வருடம் ஆடவிடாதே. ஆளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய வாதத்தில் அவருக்கே சொந்தமான சரக்கு எதுவுமில்லை; ஆம்பூர் டீக்கடை பெஞ்சிலும் வேலூர் நேதாஜி ஸ்டேடியத்துப் படிக்கட்டிலும் கேட்டுச் சலித்த புலம்பலுக்கு இதிகாச முலாம் பூசியிருக்கிறார், அவ்வளவே. முலாமைச் சுரண்டிப் பார்ப்போம்.

முதல் பூச்சு கர்ணன். கல்லூரி போட்ட சோற்றைத் தின்றவன் செஞ்சோற்றுக் கடன் தீர்க்க வேண்டாமா என்று கேட்கிறார் பேராசிரியர். கேட்கட்டும்; ஆனால் கர்ணனைச் சாட்சிக்கு அழைக்கிறவர் துரியோதனனையும் கூண்டில் ஏற்றித்தானே ஆகவேண்டும்? சபையில் குலம் கேட்டு அவமானப்படுத்தப்பட்டவனுக்கு அந்த நிமிடமே ஒரு நாட்டைக் கொடுத்தவன் அவன். அது மட்டுமா, கோஷ யாத்திரையில் கந்தர்வர்களிடம் அடிபட்டுக் கர்ணன் களத்தைவிட்டு ஓடியபோதும், விராட நாட்டில் அர்ஜுனன் ஒற்றை ஆளாக வந்து மொத்தச் சேனையையும் சுருட்டியபோதும், ‘இந்த சீசன் உன் பர்ஃபார்மன்ஸ் சரியில்லை, அங்க நாட்டைத் திருப்பிக் கொடு’ என்று அவன் கேட்கவில்லை. நம் கல்லூரிகள் என்ன செய்கின்றன? முழங்காலில் லிகமென்ட் கிழிந்த பையனுக்கு அடுத்த செமஸ்டரே கட்டணச் சலுகை ரத்து. விடுதி அறையில் புதிதாக வந்த ஸ்ட்ரைக்கரின் பெட்டி. ஸ்கேன் எடுக்க சி.எம்.சி. மருத்துவமனை வரிசையில் அவனோடு நிற்பது அவன் அம்மாதான். மலரில் கட்டுரை எழுதுகிற எவரையும் அந்த வரிசையில் யாரும் பார்த்ததில்லை. கொடுத்ததை எந்த நேரமும் திரும்பப் பிடுங்கும் உரிமை ஒருவனுக்கும், வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கும் கடமை இன்னொருவனுக்கும் என்றால், இதற்குப் பெயர் செஞ்சோற்றுக் கடனா, கந்துவட்டியா?

இதிகாசத்தில் கை வைத்தவர் பாதியில் புத்தகத்தை மூடிவிட்டார் என்பது இன்னும் சுவாரசியம். எதிர்முகாமுக்குப் போன ஆளைப் பற்றி நம் மரபு என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டுமானால் அவர் மகாபாரதத்தை வைத்துவிட்டு ராமாயணத்தை எடுத்திருக்க வேண்டும். கூடப்பிறந்த அண்ணனை விட்டு, அதுவும் போர் மூளப்போகிற வேளையில், கடல் தாண்டிப் போன விபீஷணனைச் சுக்ரீவன் சந்தேகப்பட்டான், அனுமன் ஆதரித்துப் பேசினான், ராமன் ஏற்றுக்கொண்டான்; வைணவர்கள் அவனை விபீஷணாழ்வான் என்று இன்றுவரை கொண்டாடுகிறார்கள். அண்ணனோடு நின்று செத்த கும்பகர்ணனையும் இதே மரபுதான் கண்ணீரோடு போற்றுகிறது. இரண்டு பேருக்கும் இடம் வைத்த ஒரு மரபை ‘போனவனெல்லாம் துரோகி’ என்கிற ஒற்றை வரிக்குள் அமுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும், அல்லது எவ்வளவு குறைவாகப் படித்திருக்க வேண்டும்?

அடுத்த வாதம்: ஆட்கள் இப்படி மாறினால் பரம்பரைப் போட்டியின் சூடு தணிந்துவிடும், ஊர் மேட்ச் பார்க்க வராது. இதை எழுதுகிறவர் இந்தியக் கால்பந்து என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறாரா? கல்கத்தாவில் கட்சி மாறுவது ஆண்டுதோறும் நடந்த ஒரு திருவிழா. ஒப்பந்தம் போடும் நாள் வரை வீரர்களைக் கிளப் ஆட்கள் ஒளித்து வைத்துக் காவல் காத்த ஊர் அது. 1985-இல் கிருஷாணு டேயும் விகாஷ் பாஞ்ஜியும் மோகன் பகான் கிளப்பை விட்டு அதன் பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார்கள். டெர்பி செத்துப்போயிற்றா? பன்னிரண்டு வருடம் கழித்து, 1997 ஜூலை 13 அன்று, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் அதே இரண்டு அணிகள் மோதியதைப் பார்க்க சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்குமேல் திரண்டார்கள். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடித்தார். அந்த பூட்டியாவை 2002-இல் கையெழுத்துப் போடவைத்த கிளப் எது? அவரிடம் மூன்று கோல் வாங்கிய மோகன் பகான். பிறகு அவர் ஈஸ்ட் பெங்காலுக்குத் திரும்பினார், மறுபடி மோகன் பகான், மறுபடி ஈஸ்ட் பெங்கால். ரசிகர்கள் திட்டினார்கள், கொடும்பாவி கட்டவும் தயாராக இருந்தார்கள், அடுத்த மேட்சுக்கு முண்டியடித்து டிக்கெட்டும் வாங்கினார்கள். போட்டியின் சூடு இப்படித்தான் ஏறும் என்பது பார்வையாளனுக்குத் தெரியும். பேராசிரியருக்கு மட்டும் தெரியவில்லை.

போகட்டும், கல்கத்தா தூரம். இங்கேயே பார்ப்போமே. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள் தங்களுக்குள் முட்டி மோதிக்கொண்டதும், அதே பையன்களில் பொறுக்கியெடுத்துத்தானே பல்கலைக்கழக அணி கட்டுகிறார்கள்? போன வாரம் ஒருவன் காலை ஒருவன் தடுக்கிவிட்டவர்கள் தென் மண்டலப் போட்டிக்கு ஒரே ஜெர்சியில் ஒரே ரயிலில் போகிறார்கள், ஒருவன் கிராஸ் போட இன்னொருவன் தலையால் முட்டுகிறான். ‘ஜென்ம விரோதம்’ என்று பேராசிரியர் எழுதுவது மைதானத்துக்குள் எங்கே இருக்கிறது? அவர் மாதிரி ஆட்களின் மலர்க் கட்டுரைகளில் இருக்கிறது.

பிறகு அமெரிக்கா. அங்கே கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ பற்றி எங்கோ வாசித்திருக்கிறார், அந்தக் காற்று வேலூர்ப் பக்கம் வீசக்கூடாது என்று அலறுகிறார். அங்கே விளையாடுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற வேறொரு ஆட்டம் என்பதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை, அதை மன்னித்துவிடலாம். அமெரிக்கரான ஐடா ஸ்கடர் மருத்துவமனை கட்டிய ஊரில், நியூ ஜெர்சி மாநிலத்து எலிசபெத் ராட்மன் ஊரீஸ் என்கிற அம்மாளின் பெயரைத் தாங்கிய கல்லூரி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிற்கிற ஊரில், அமெரிக்கக் காற்று இப்போதுதான் வீசப்போகிறதாம்! (அமெரிக்காவின் முதல் கல்லூரிக் கால்பந்துப் போட்டி என்று சொல்லப்படுவதும் அதே நியூ ஜெர்சியில்தான், 1869 நவம்பர் 6-இல், ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. தகவலுக்காக.) மன்னிக்க முடியாதது, அவர் விஷயத்தில் பாதியை விழுங்கிவிட்டதுதான். போர்ட்டல் வந்தது 2018-இல். அதற்கு முன்பும், பிறகு சில வருடங்களும், அங்கே கல்லூரி மாறிய கால்பந்து வீரன் பொதுவாக ஒரு வருடம் பெஞ்சில் உட்கார வேண்டும். பயிற்சியாளர் மாறினாலோ மறுநாளே புதுத் தொப்பி போட்டுக்கொண்டு சம்பளம் வாங்கலாம். 2021-இல் ஒருமுறை மாறுவதற்கு மட்டும் இந்தத் தண்டனையை நீக்கினார்கள். பிறகு வழக்கு, நீதிமன்றத் தடை என்று இழுத்து, 2024-இல் எத்தனை முறை மாறினாலும், படிப்பில் தேறியிருந்தால், உடனே ஆடலாம் என்று ஆனது. பயிற்சியாளர்களின் ‘விசுவாசம்’ பற்றி ஒரே உதாரணம் போதும்: 2025 நவம்பர் கடைசியில் லேன் கிஃபின் என்கிற பயிற்சியாளர், தன் மிசிசிப்பி அணி தேசியச் சாம்பியன் போட்டியின் வாசலில் நிற்கும்போதே, அதே லீக்கில் உள்ள எதிரிக் கல்லூரியான லூசியானா ஸ்டேட்டுக்குக் கிளம்பிப் போனார். பேராசிரியரின் கட்டுரையில் போர்ட்டல் இருக்கிறது, கிஃபின் மாதிரியான ஒருவரும் இல்லை. ஏன் என்று வாசகருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. உடற்கல்வித் துறைக்காரர் உடற்கல்வித் துறைக்காரரைத் தொடமாட்டார்.

தொட்டால் சங்கடம் இருக்கிறது. அதே கட்டுரையில், தான் பதவியிலிருந்த ‘பொற்காலத்தை’ வர்ணிக்கிற இடத்தில், பக்கத்துக் கல்லூரியின் கோல்கீப்பரை எப்படிப் பேசிக் கரைத்துக் கொண்டுவந்தோம், கேரளத்திலிருந்து பையன்களை எப்படி அள்ளி வந்தோம் என்று மீசையை முறுக்குகிறார். அப்போது அதற்குப் பெயர் ராஜதந்திரம். இவர் வீட்டுக்கு வந்தவன் திறமைசாலி, இவர் வீட்டிலிருந்து போனவன் துரோகி. ஒரே மலரில், ஒரே கட்டுரையில், நாலு பக்க இடைவெளியில் இரண்டையும் எழுத ஒரு தனி மனத்திடம் வேண்டும். அச்சுக்கோத்தவருக்காவது சிரிப்பு வந்திருக்காதா?

அவர் சொல்வதில் உண்மையின் வாசனை உள்ள ஒரே இடம் சின்ன ஊர்க் கல்லூரிகளின் நிலை. சென்னையின் பணக்காரத் தனியார் பல்கலைக்கழகங்கள் முழுக் கட்டணமும் தள்ளி, விடுதியும் பூட்ஸும் கொடுத்து, தேறிய பையன்களைக் கொத்திக்கொண்டு போகின்றன. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் மணலிலும் மண்ணிலும் ஆடி வளர்ந்தவனை உருவாக்கிய செலவு ஒருவருக்கு, கோப்பை வேறொருவருக்கு. நியாயமான வருத்தம். ஆனால் இந்த வருத்தத்துக்கு உலகம் ஏற்கெனவே ஒரு விடை வைத்திருக்கிறது, பேராசிரியரின் காதில் அது விழவில்லை. தொழில்முறை வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் விலை பேசப்பட்டு வேறு நாட்டுக் கிளப்புக்குப் போனால், அந்த விலையில் 5 விழுக்காடு, 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவரைப் பயிற்றுவித்தவர்களுக்குப் பங்காகப் போய்ச் சேரவேண்டும் என்பது ஃபிஃபா விதி. போகிறவன் சுதந்திரமாகப் போகிறான், வாங்குகிறவன் வளர்த்தவனுக்குப் பணம் கட்டுகிறான். கல்லூரி ஆட்டத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும், பெரிய கல்லூரி சின்னக் கல்லூரிக்கு மைதானம் போடவும் கோச் வைக்கவும் காசு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும். எழுதவில்லை. கோடிகளில் புரளும் நிர்வாகத்திடம் கேட்க முதுகெலும்பு வேண்டும். பட்டம் முடித்த பையனின் டி.சி.யைப் பூட்டிவைக்க ஒரு பீரோ போதும்.

அந்தப் பையன் யார் என்றாவது யோசித்தாரா? ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் நிற்கும் அப்பாவுக்கும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று அப்பர் தைக்கும் அம்மாவுக்கும் பிறந்தவன். அவனுக்குக் கால்பந்து கலையும்தான், கனவும்தான். ஆனால் முதலில் அது ஐ.சி.எஃப்., ரயில்வே, போலீஸ், இந்தியன் வங்கி என்று நீளும் வேலைப்பட்டியலுக்கான ஏணி. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு என்றால் அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் பெரிய போட்டி வேண்டும், பெரிய போட்டிக்கு நல்ல அணி வேண்டும். ஆடும் வயதோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில வருடங்கள். அதில் இரண்டை வெட்டியெடுக்கச் சொல்கிறார் இந்த ‘மாணவர் நலன்’ விரும்பி. தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இந்த ஏற்பாடு பழக்கமானதாகத் தோன்றும்: முன்பணம் கொடுத்தவன் ஆளைக் கட்டிப்போடுவது. அட்வான்ஸ் தீராமல் வேறு ஷாப்புக்குப் போகாதே என்று சொல்கிற பழைய மேஸ்திரியின் குரல்தான் இது, கோட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இந்த ஊரே இடம் மாறிப் பிழைத்த ஊர் என்பதையும் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1970-களில் அரைப்பதன் தோல் ஏற்றுமதிக்கு அரசு கடிவாளம் போட்டபோது, ‘எங்கள் தாத்தா காலத்துச் சரக்குக்கு விசுவாசமாக இருப்போம்’ என்று இங்கே யாரும் கடையைச் சாத்தவில்லை. முழுப்பதனுக்கும் பிறகு ஷூவுக்கும் மாறினார்கள். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வெளிநாட்டு பிராண்டுகளுக்கு ஒரே ஊரின் கைகள் தைத்துக் கொடுக்கின்றன. மேல்விஷாரத்து அப்துல் ஹக்கீம் சாகிப் சொந்த ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்காமல் சென்னைக்குப் போய்த் தோல் வணிகம் செய்த வள்ளல். அவர் பெயரில் ஊரில் 1965-இல் கல்லூரியே எழுந்தது. முதலாளி மாறினால் தொலைநோக்கு, வியாபாரி மாறினால் சாமர்த்தியம், கோச் மாறினால் பதவி உயர்வு. லெஃப்ட் விங்கில் ஓடுகிற பையன் மாறினால் மட்டும் பண்பாட்டுச் சீரழிவா?

டி.சி. மருந்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை, ஏனென்றால் அது காலாவதியான மருந்து. சேரும்போது வாங்கிய அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டண பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று பள்ளிகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. பாக்கிப் பணத்துக்கே ஆகாத கருவி, பாக்கி நன்றிக்கு ஆகுமா?

கட்டுரையின் முடிவில் ஓர் அறைகூவல். வேலூர் மண்ணில் படித்தவன் படித்த இடத்தை விட்டுப் போனதாகச் சரித்திரமே இல்லையாம். அந்த மரபைக் காக்க எல்லாக் கல்லூரிகளும் ஒன்றுகூடி, வருகிற செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, மாணவர்களிடம் விசுவாச உறுதிமொழி வாங்க வேண்டுமாம். தேதியை அவர்தான் தேர்ந்தெடுத்தார், நான் இல்லை. அந்த நாளுக்குரிய சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரீஸ் கல்லூரியில் எஃப்.ஏ. படித்தவர். பி.ஏ.வுக்கு அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம், அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி.